காலியாக விட்ட ஐந்தாம் பிளாட்பாரம்

என் நாத்தனார் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போக வந்தார். அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வந்த அன்று கையில் பிடித்திருந்த பழுப்புப் பெட்டி, போன மாதம் வரைக்கும் ஹாலில் தையல் மெஷினுக்கு அடியிலேயே இருந்தது. அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. காலையில் பெட்டியைத் திறந்து அன்றைக்கு வேண்டிய உடுப்பை எடுப்பார், மூடுவார், காலால் உள்ளே தள்ளுவார்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் கிடையாது, அதுதான் என் கஷ்டமே. சண்டை போடுகிற நாத்தனாரோடு காலம் தள்ளிவிடலாம். எதைச் சொன்னாலும் "சரி" என்று எழுந்து போகிறவரோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

அவர் கணவர் ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். புகுந்த வீட்டில், "கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருந்துட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார்கள். திரும்ப அழைக்க ஒருவரும் வரவில்லை. குழந்தை குட்டி கிடையாது. அவரும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பார்சல் ஆபீசில் ஒரு வேலை தேடிக்கொண்டு எங்களோடு இருந்துவிட்டார்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு ஹால், சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகிற நீளமான ஒரு வழி. ஒரு அறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், இன்னொன்று மகளுக்கு. நான் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனாருக்கு ஹாலில் மடக்குக் கட்டில். என் அண்ணன் குடும்பம் வந்தால் ஹால் அவர்களுக்கு, கட்டில் குளியலறை வழிக்குப் போகும். என் வீட்டுக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தபோது அவருக்கு ஹால், அண்ணி மகளின் அறையில் தரையில். மகளுக்குப் பரீட்சை வந்தால் அத்தையின் குறட்டை ஆகாது, மறுபடியும் குளியலறை வழி. ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவர் சுளிக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

வேலை காலை ஆறிலிருந்து இரண்டு வரை. நகர்ந்துகொண்டே இருக்கும் பெல்ட்டின் முன்னால் நிற்க வேண்டும். வருகிற பார்சலின் சீட்டைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் படித்து, எதிரே ரேக்கில் இருக்கிற நாற்பத்தெட்டு அறைகளில் சரியான ஒன்றில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்ற காலில்தான். மூன்று மணிக்கு மாடியேறி வரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் தெரியும். ஒரு பக்கெட்டில் வெந்நீரும் உப்பும் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குப் போவார். அங்கேதான் கம்ப்யூட்டர் இருந்தது. கால் பக்கெட்டுக்குள், கண் திரைமேல். ஐந்தரை மணிக்கு மகள் வரும்வரை அந்த நாற்காலி அவருடையது.

அந்த ரயில் விளையாட்டை வாங்கியது மகள்தான். பத்து நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அத்தை பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமாக விடவில்லை. தண்டவாளம் போட வேண்டும், ஸ்டேஷன் கட்ட வேண்டும், ரயில் விட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவது கிடையாது, ஜெயிப்பது கிடையாது. பதினான்கு பேர் சேர்ந்து ஒரே வரைபடத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை, குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரும். எல்லாருடைய ரயிலும் நடுவில் ஒரு பெரிய ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதைக் கட்டியவர் எங்கள் அண்ணி. அதனால் அவர்களுக்கு அவர் 'ஸ்டேஷன் மாஸ்டர்'. என் வீட்டுக்காரரும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டேஷன் மாஸ்டர் டீ குடிச்சாச்சா?" என்பார். அண்ணி சிரிப்பார்.

ஒரு நாள் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன். "அப்படி என்னதான் அண்ணி இருக்கு அதுல?"

அவர் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அவரிடம் யாரும் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்பதில்லை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

"மத்தவங்க கட்டுற ஸ்டேஷன்ல ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பிளாட்பாரம்னு எழுதி வச்சிருப்பாங்கம்மா. ஒண்ணு லேட்டா வந்தா, அதோட பிளாட்பாரம் சும்மா கிடக்கும். பின்னாடி வந்தது வெளியில காத்துக்கிட்டு நிக்கும். நம்ம ஸ்டேஷன்ல எதுவும் யாருக்கும் சொந்தம் கிடையாது. எந்தப் பக்கத்துலேர்ந்து எது வந்தாலும், எது காலியோ அதுல போய் நின்னுக்கும். எந்தப் பக்கம் வேணும்னாலும் கிளம்பிப் போகும்."

"எட்டு பிளாட்பாரம் இருக்கு, ஏழுலதானே ரயில் நிக்குது?"

"அஞ்சு எப்பவும் காலிதான். எப்பயாவது ரெண்டு ரயில் ஒரே நேரத்துல வந்து முட்டிக்கும் பாரு, அப்ப ஒண்ணை அதுல ஒதுக்கி விட்டுட்டு, நெருக்கடி போனதும் உடனே காலி பண்ணிடுவேன். அது காலியா இருக்கிறதாலதான் மத்த ஏழும் ஓடுது."

"வாடகைக்கு விட்டாலாவது பிரயோஜனம்" என்று நக்கலடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன். எனக்கு வேலை கிடந்தது.

இந்த வருஷ ஆரம்பத்தில் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவளை வண்டி ஏற்றிவிட்டு மாடியேறி வந்தோம். அழுது முடித்த மனசு கொஞ்சம் இளகிக் கிடக்கும் அல்லவா, அந்த இளக்கத்தில் நான் சொன்னேன்: "இனிமே அந்த ரூம் உங்களுக்குத்தான் அண்ணி."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "நிஜமாவா?" என்றார்.

"பின்ன? நீங்க எத்தனை நாளைக்குத்தான் ஹால்ல கிடப்பீங்க?"

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு அளவு நாடா கொண்டுவந்து அந்த அறையை அளந்தார். கட்டில் எந்தச் சுவரோரம், மேஜை எங்கே, பெட்டிக்குப் பதில் ஒரு சின்ன அலமாரி வைத்தால் கதவு திறக்குமா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்துவைத்தார். கீழே ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கி வந்தார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததே இல்லை. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போனது, மகளும் கேட்கவில்லை. காகிதப் பொட்டலத்தை எனக்குக் காட்டிவிட்டு, பழுப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பெண் தாழ்ப்பாள் வாங்கி வந்து காட்டுகிறாள். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? துருப் பிடிக்காத ரகமா என்று கேட்டேன்.

ஆனால் மகள் போனாளே தவிர, அவள் சாமான் போகவில்லை. எட்டு அட்டைப்பெட்டி, ஒரு அலமாரி நிறையத் துணி, உடைந்த கிடார், பள்ளிக்கூடத்துக் கோப்பைகள். "வீடு பாத்ததும் எடுத்துக்கிறேம்மா" என்றாள். மாதாமாதம் அதையே சொன்னாள். அட்டைப்பெட்டிகளில் நாலு மகளின் கட்டில்மேல், மீதி நாலு சரியாக அந்தக் கட்டிலை நகர்த்திப் போட வேண்டிய இடத்தில் இருந்தன. நகர்த்தலாமா என்று அண்ணி கேட்கவில்லை, நகர்த்துங்கள் என்று நானும் சொல்லவில்லை. எட்டு மாதம் அவர் ஹாலிலேயே படுத்தார். முன்போலவே சாயங்காலம் மட்டும் அங்கே போய் பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்வார்.

ஒரு முறை மட்டும், அதுவும் ரயிலைப் பற்றிப் பேசுகையில் சொன்னார். "இன்ஜின் போயிட்டா ரயில் போயிடுச்சுன்னு நினைக்கிறாங்கம்மா. கடைசிப் பெட்டி தாண்டினாத்தான் பிளாட்பாரம் காலின்னு அர்த்தம்." எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் தங்கை போன் பண்ணினாள். வீட்டைப் பெயர்த்துப் போட்டு வேலை நடக்கிறது, தூசி தாங்க முடியவில்லை, மூன்று மாதம் இங்கே வந்து இருக்கலாமா என்றாள். "ரூம் காலியாத்தான் கிடக்கு, வாடி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. போனை வைத்ததும் அந்த அறைக்குப் போய் எட்டுப் பெட்டிகளையும் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டு மாதமாக நகராதவை, தங்கை என்றதும் நகர்ந்துவிட்டன.

அண்ணியிடம், அவருக்கு லீவு நாளான சனிக்கிழமை காலையில்தான் சொன்னேன். இரண்டு நாள் எப்படிச் சொல்வது என்று தவித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை என்னவென்றால் மறந்துவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை தங்கச்சி வர்றா அண்ணி. மூணு மாசம்தான். கம்ப்யூட்டரை மட்டும் வாஷிங் மெஷின் பக்கத்துல வச்சுக்கலாம், என்ன?"

கையில் இருந்த தேநீரை ஒரு வாய் குடித்தார். "சரி" என்றார். பிறகு, "கொஞ்சம் கீழ போயிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஏதோ வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பதினான்கு பேரும் கூடுவார்கள். எல்லாருடைய ரயிலையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, வரைபடம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டரை எடுத்துவைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று அண்ணி உட்கார்ந்தார். முடிந்ததும் ஒயரைக் கழற்றலாம் என்று நானும் ஒரு பையோடு போய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் அதட்டலாக வந்தது. "மேடம், அந்த அஞ்சாம் பிளாட்பாரம் சும்மாதானே கிடக்கு? என் சிமென்ட் வண்டிக்குக் குடுங்க."

'காண்ட்ராக்டர்' என்று அவருக்குப் பெயராம். நிஜமான காண்ட்ராக்டரா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பேச்சில் அந்தத் தோரணை இருந்தது.

"அது ஒதுக்கி விடறதுக்குங்க. உங்க வண்டி முழுசா நிரம்பினாத்தானே கிளம்பும்? அதுவரைக்கும் அங்கேயே நின்னுடும்" என்றார் அண்ணி.

"கொஞ்ச நேரம்தான் மேடம். ஒரு பிளாட்பாரத்துக்கு இவ்வளவு பிகு பண்றீங்களே."

அண்ணி தண்ணீருக்குள் கால் விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டினார்.

"சரி" என்றார்.

அந்தச் சரியை எனக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் சமையலறையில் கேட்டது. அதே சத்தம், அதே அளவு.

சிமென்ட் வண்டி வந்து ஐந்தாம் பிளாட்பாரத்தில் நின்றது. நிரம்பவில்லை, கிளம்பவும் இல்லை. அதற்குப் பின்னால் அவருடைய இன்னொரு சிமென்ட் வண்டி வந்தது. அது உள்ளே வர முடியாமல், எல்லாப் பாதையும் வந்து பிரிகிற இடத்தில் வாலைப் போட்டு நின்றுகொண்டது. இந்தப் பக்கம் ஒரு ரயில் நின்றது, அந்தப் பக்கம் ஒன்று. இருபது நிமிஷத்தில் நாற்பத்திரண்டு ரயில்கள் வரைபடத்தின் எல்லா மூலையிலும் அப்படியப்படியே நின்றன. ஆறு வருஷத்தில் அந்த ஸ்டேஷன் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஸ்பீக்கரில் ஆளாளுக்குப் பேசினார்கள். காண்ட்ராக்டரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "நான் அப்பவே சொன்னேன். இந்த ஸ்டேஷன் டிசைனே சரியில்ல மேடம். எடுத்துட்டு வேற கட்டிடலாம்."

அண்ணி பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, அழுகை இல்லை. எட்டு மணி நேரம் பெல்ட்டின் முன்னால் நின்றுவிட்டு, "இன்னொரு லோடு இருக்கு" என்று சொல்லக் கேட்டவர் முகம்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் வாய் எனக்குக் கட்டுப்பட்டதில்லை. மைக்கை இழுத்து என் பக்கம் திருப்பினேன்.

"யோவ்! சும்மா இருந்த இடத்தைக் கேட்டு வாங்கினது நீ. நகராம உக்காந்திருக்கிறது உன் வண்டி. அவங்க பேசாம குடுத்துட்டாங்கன்னு அவங்க தலையிலயே மிளகாய் அரைப்பியா? குடுக்கிறவங்க இருந்தா எடுத்துக்கிட்டே இருக்கலாம்னு நினைப்பா? வெக்கமா இல்ல?"

ஸ்பீக்கரில் யாரோ மெல்ல, "யாரு மேடம் அது?" என்றார்கள்.

"என் தம்பி சம்சாரம்" என்றார் அண்ணி.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் சுவரோரம் எட்டு அட்டைப்பெட்டிகள். மடியில், அவருடைய ஒயர்களைச் சுருட்டிப் போட நானே கொண்டுவந்த பை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அறையைச் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. அவ்வளவு வெட்கத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவர் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கெட்டிலிருந்து ஒரு காலை எடுத்துத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் ரயிலைப் பின்னுக்குத் தள்ளச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஆறு மணிவரை அப்படித் தள்ளவைத்தார். நாற்பது ரயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தன. ஐந்தாம் பிளாட்பாரத்தில் அந்த வண்டி அப்படியே நின்றது, அதன் வாலில் அடுத்தது.

"அதை எடுங்களேன் அண்ணி."

"அது அவர் வண்டிம்மா. என்னால எடுக்க முடியாது. அவர்தான் எடுக்கணும்."

பையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

திங்கட்கிழமை அண்ணி வேலைக்குப் போனதும் தொடங்கினேன். எட்டுப் பெட்டிகளையும் எங்கள் அறைக்கு இழுத்தேன். கிடார், கோப்பைகள், அலமாரித் துணி எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியிலும் பக்கத்திலும் போயின. மகளுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கலைன்னா யாருக்காவது குடுத்துடுவேன்" என்றேன். "என்னம்மா திடீர்னு?" என்றாள். "திடீர்னு இல்ல, எட்டு மாசம்" என்று வைத்துவிட்டேன். தங்கைக்கும் போன் போட்டேன். ஹாலில் மடக்குக் கட்டில்தான் இருக்கிறது, சம்மதமென்றால் வா என்றேன். இரண்டு நிமிஷம் முறுக்கிக்கொண்டு, பிறகு வருகிறேன் என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர், தன் பக்கத்தில் நெஞ்சளவுக்கு நின்ற அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். "நான் எங்கடி படுக்கிறது?"

"எது காலியோ அங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் மகளின் பெரிய கட்டிலை அண்ணிக்காகச் சுவரோரம் தள்ளிப்போட அவரே கைகொடுத்தார். அண்ணி வரைந்துவைத்திருந்த காகிதம் மேஜை இழுப்பறையில் அகப்பட்டது. அதில் இருந்தபடியே போட்டோம். சின்ன அலமாரி வைத்தால் கதவு திறக்கிறது. அவர் அளவு தப்பவில்லை.

தையல் மெஷினுக்கு அடியிலிருந்து பழுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டில்மேல் வைத்தேன். கனமே இல்லை. அதை ரொம்ப நேரம் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், பக்கெட்டில் வெந்நீர் பிடித்தார், உப்புப் போட்டார், தூக்கிக்கொண்டு அறை வாசல் வரை வந்தவர் நின்றுவிட்டார். புது விரிப்பு போட்ட கட்டிலையும், காலியான தரையையும், துடைத்த ஜன்னலையும் பார்த்தார். பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"செவ்வாய்க்கிழமைதானே உன் தங்கச்சி வர்றா? இன்னிக்கு யாரு வர்றாங்க?"

"யாரும் வரல அண்ணி. அவளுக்கு ஹால். இது உங்க ரூம்."

அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பெட்டியைப் பார்த்தார்.

"தாழ்ப்பாள் வாங்கினீங்களே, அது எங்க? பெட்டியிலயா? உங்க தம்பி வந்ததும் மாட்டச் சொல்றேன்."

"கடையில திருப்பிக் குடுத்துட்டேன்மா. சனிக்கிழமையே."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலில் குத்தல் இல்லை, சந்தேகம்கூட இல்லை. பெட்டியிலிருந்து எவ்வளவு துணி வெளியே எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு?"

பர்ஸை எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாள் வாங்க மூன்று மாடியும் இறங்கிப் போனேன்.